கடைசிப் பத்தடி

வா மருமவனே, உக்காரு. ஜல்லிக்கட்டு பாக்க 55 இஞ்சு டிவி வாங்குனியாமே! வாடிப்பட்டியிலருந்து வண்டிய ஒரு மிதி மிதிச்சா அலங்காநல்லூரு. ஆனா வெயிலு அடிக்கும், பாவம் நீ.

காளை பாயுறப்பப் படம் நின்னுபோச்சுன்னு கம்பெனிக்காரனை ஏசுறியாம். ஏசு, காசா பணமா? அதுக்கு முன்னாடி ஷோகேஸுக்குப் பின்னால எட்டிப் பாத்தியா? ஃபைபர் வயரை மடிச்சு ஆணியில சுத்தி, அது மேல காலண்டரும் மாட்டியிருக்க. உள்ள ஓடுறது வெளிச்சம்ப்பா. வளைவு கடுத்தாக் கசிஞ்சிரும். பெட்டியில சிவப்பு லைட்டு மினுக்குனதைத் திருவிழாவுக்குப் போட்ட சீரியல் லைட்டுன்னு நெனச்சியோ?

வயரு இழுக்க வந்த தம்பிக்கு ஒரு சொம்பு மோரு குடுத்து நான் எல்லாத்தையும் கறந்துட்டேன். ஜிபான்னு சொல்லுற முறையில ஃபைபர் ஒண்ணுல நொடிக்கு 2.5 ஜிகாபிட்டு இறங்குது. ஸ்ப்ளிட்டர் வச்சு 32 வீடு, 64 வீடுன்னு பங்கு போடுறாக. மல்டிகாஸ்ட்டுன்னா தெருவே ஒரே சேனலைப் பாத்தாலும் ஃபைபர்ல ஒத்தை ஓட்டந்தான். யூடியூப்னா ஆளுக்கொரு ஓட்டம். 2024-ல பிஎஸ்என்எல் ஃபைபர் டிவியை ஆரம்பிச்சப்ப, மத்தியப் பிரதேசத்தோட நம்ம தமிழ்நாட்டுலதான் மொதல்ல விட்டாக. 500 சேனலுக்கு மேல, நெட் டேட்டாவுலயும் கை வைக்காதுன்னாக.

ஃபைபரை நிமித்துன பெறகும் படம் நின்னா கோளாறு எங்க? கம்மா நெறஞ்சும் கடைமடை காயுற கதைதான். திண்ணையில ரவுட்டரு, உள்ரூம்புல டிவி, நடுவுல ஒங்க தாத்தா எழுப்புன ஒண்ணரை அடிச் செவரு. வைஃபையில ஒருத்தருக்குன்னு போற பாக்கெட்டு சேரலைன்னா மறுக்க அனுப்பும். பொதுவா விடுற மல்டிகாஸ்ட்டுக்கு அந்தக் கொடுப்பினை கெடையாது, வேகமும் மட்டு. விட்டது விட்டதுதான், காளை கட்டங்கட்டமா ஒடஞ்சு நிக்கும்.

55 இஞ்சுக்குக் காசு இருந்துச்சுல்ல? பத்தடி லேன் வயரு வாங்கி ரவுட்டர்லருந்து செட்டாப் பாக்ஸுக்கு நேரா இழு. நடுவுல சுவிட்சு வேணும்னா ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் உள்ளதாக் கேட்டு வாங்கு. இல்லாட்டி கேக்காத பெட்டிக்கெல்லாம் படத்தைக் கொட்டும். செவத்துல ஓட்டை போட மருமக விடலையா? ரவுட்டரை டிவி பக்கம் நகத்தி 5 ஜிகாஹெர்ட்ஸுல போடு. மல்டிகாஸ்ட்டை யூனிகாஸ்ட்டா, அதான் ஒருத்தருக்குன்னு போறதா, மாத்துற வசதி இருந்தா அதையும் தட்டிவிடு.

அம்புட்டும் செஞ்சாலும், நெட்டுல வர்ற படம் கொஞ்சத்தைச் சேத்து வச்சுக்கிட்டுத்தான் ஓடும். கேபிளைவிடச் சில நொடி பிந்தி வரும். அதனால சிஎஸ்கே மேட்ச்ல கடைசி ஓவருக்குப் பந்தயம் கட்டுறதா இருந்தா வெளியாளுகிட்டப் போகாத, மாமன்கிட்டயே கட்டு.

எங்க வீட்டுல கேபிளுதான்.