உரலும் மத்தளமும்

கே: டொமினிக்கன் உணவகம் என்று நியூயார்க்கில் ஒரு பெயர்ப்பலகை பார்த்தேன். டொமினிக்கா தீவுக்காரர்கள் கடையா? (சென்னை வாசகர்)

ப: இல்லை. டொமினிக்கா தனித் தீவு, தனி நாடு. நீங்கள் பார்த்தது டொமினிக்கன் குடியரசுக்காரர்கள் கடை. ஹிஸ்பனியோலா தீவின் மேற்குப் பக்கம் ஹைட்டி, கிழக்குப் பக்கம் இவர்கள். தலைநகர் சான்டோ டொமிங்கோ. நாட்டுக்கு வெளியே இவர்களின் பெரிய ஊர் நியூயார்க்தான். மன்ஹாட்டனின் வடகோடியில் உள்ள வாஷிங்டன் ஹைட்ஸும் இன்வுட்டும் இவர்கள் பேட்டை. இன்வுட்டின் டைக்மன் தெருவில் வெள்ளிக்கிழமை ராத்திரி நடந்து பாருங்கள். பூண்டு வாசனையும் பாட்டும் சேர்ந்தே வந்து இழுக்கும்.

கே: 'ரெஸ்டாரன்ட் அண்ட் லவுஞ்ச்' என்கிறார்களே, அது சாப்பாட்டுக் கடையா, ஆட்டக் கடையா? (நியூஜெர்சி வாசகி)

ப: நீங்கள் எத்தனை மணிக்குப் போகிறீர்கள்? எட்டு மணிக்குப் போனால் பாட்டி, பேரன், பிறந்தநாள் கேக் என்று குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். பத்தரை, பதினொன்று ஆனதும் விளக்கு மங்கும், டிஜே சத்தத்தைக் கூட்டுவார், நடுவில் இருந்த மேசைகள் ஓரத்துக்குப் போகும். பாட்டி வீட்டுக்குக் கிளம்பிவிடுவார் என்று எண்ண வேண்டாம். மெரெங்கே என்ற ஆட்டப்பாட்டைப் போட்டால் முதலில் எழுந்து ஆடுபவர் அவராகத்தான் இருப்பார்.

என் யோசனை: எட்டு மணிக்கே போய் நிதானமாகச் சாப்பிடுங்கள். பதினொரு மணிக்குமேல் சமையலறைக்கும் கவனம் சிதறும், உங்களுக்கும் சிதறும்.

கே: முதல் முறை போகிறேன். எதைக் கேட்டு வாங்குவது? (கோவை வாசகர்)

ப: மொஃபோங்கோ. பச்சை வாழைக்காயைத் துண்டு போட்டு எண்ணெயில் பொரித்து எடுத்து, சூடு ஆறுவதற்குள் மர உரலில் போட்டு, பூண்டும் உப்பும் முறுகலான பன்றித்தோல் வறுவலும் சேர்த்து இடிப்பார்கள். அந்த உரலுக்குப் பிலோன் என்று பெயர். சில கடைகளில் உரலோடே மேசைக்கு வரும். சில கடைகளில் தட்டில் கவிழ்த்து, நடுவில் குழித்து, பூண்டு மணக்கும் சாற்றில் வெந்த இறாலை நிரப்பித் தருவார்கள்.

நல்லதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. முள்கரண்டியால் ஓரத்தைப் பிட்டுப் பாருங்கள். பொரிந்த ஓரத்தோடு வாழைக்காய்த் துணுக்குகள் தெரிந்தால் அப்போது இடித்தது. எல்லாம் ஒரே மாவாக மசிந்திருந்தால் முன்கூட்டியே மிஷினில் அரைத்து வைத்தது. இன்னொன்று, இது ஆறினால் இறுகிவிடும். போட்டோ ஒன்று போதும், உடனே சாப்பிட ஆரம்பியுங்கள்.

மொஃபோங்கோ தங்களுடையது என்று போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் உரலில் இடித்துத் தின்னும் பழக்கம் இரு தீவுகளுக்கும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து, அடிமைக் கப்பலில் பிடித்து வரப்பட்டவர்களோடு வந்தது. அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசலாம்.

கே: வாழைக்காய்க்கு இவ்வளவு விலையா? (மதுரை வாசகர்)

ப: கோபம் நியாயமானது. 1516-ல் தோமாஸ் தெ பெர்லாங்கா என்ற பாதிரியார் கானரித் தீவுகளிலிருந்து வாழைக்கன்று கொண்டுவந்து ஹிஸ்பனியோலாவில் நட்டதாக வரலாறு சொல்கிறது. கரும்புத் தோட்டத்தில் முதுகொடிய உழைத்தவர்களின் வயிற்றை நிரப்பிய காய் இது. இன்றும் ஏழை வீட்டுச் சாப்பாடு. வெள்ளைத் துணி விரித்த மேசையில் நீங்கள் கொடுக்கும் காசில் வாடகை, வாத்தியக்காரர், பரிமாறுபவர் எல்லோருக்கும் பங்கு உண்டு.

எந்தக் கடைக்குக் கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்பதில் எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மெனுவில் ட்ரஃபிள் எண்ணெய், தங்க ரேக்கு என்று பெருமை பேசும் கடைக்கு நான் போவதில்லை. பானையின் அடியில் பிடித்து முறுகும் சோற்றை, கொங்கொன் என்பார்கள், கூச்சப்படாமல் மெனுவில் போட்டிருக்கும் கடைக்குத் தைரியமாகப் போவேன். வீட்டில் அக்கா தம்பி அடித்துக்கொள்ளும் பண்டம் அது. ஒரு பானைக்கு ஓர் அடிதானே! அதனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். உட்கார்ந்ததுமே சொல்லிவையுங்கள்.

இந்தச் சமையலை உயர்ந்த மேசைக்கு ஏற்றியவர்களில் மரியா மார்த்தே என்ற பெண்ணின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஹராபகோவா என்ற மலையூரில் பிறந்தவர். மாட்ரிட்டில் 'எல் க்ளப் அலார்ட்' உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலையில் சேர்ந்து, அதே உணவகத்தின் தலைமைச் சமையல்காரராக உயர்ந்தார். இரண்டு மிஷெலின் நட்சத்திரங்களைக் காப்பாற்றிக் காட்டினார். 2018-ல் அத்தனையையும் விட்டுவிட்டுத் தாய்நாட்டுக்குத் திரும்பினார்.

கே: நான் சைவம். பட்டினிதானா? (லண்டன் வாசகி)

ப: பட்டினி கிடையாது, விசாரணை உண்டு. பருப்பும் அவரையும் கொதிக்கும் பானையில் 'சொபீத்தா' என்கிற கோழிச் சாற்றுக் கட்டியைப் போடுவது அங்கே சர்வசாதாரணம். இறைச்சி இல்லை என்று பரிமாறுபவர் மனதார உண்மையே சொல்வார், ஆனால் கட்டி இருக்கும். அதனால் பெயரைச் சொல்லியே கேளுங்கள். பன்றித் துண்டு போட்டிருக்கிறதா, பொரிக்கும் எண்ணெய் தனியா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பதில் திருப்தியாக இருந்தால் 'மோரோ தெ குவாந்துலெஸ்' வாங்குங்கள். தேங்காய்ப்பாலில் அரிசியோடு சேர்ந்து வேகும் அந்தப் பச்சைமணி வேறெதுவும் இல்லை, நம் துவரைதான். இந்தியாவில் பிறந்து, ஆப்பிரிக்கா போய், அங்கிருந்து அடிமை வணிகத்தின் வழியாகக் கரீபியக் கடல் சேர்ந்த பயிர். நாம் முற்றவிட்டு உடைத்துச் சாம்பார் வைக்கிறோம், அவர்கள் பச்சையாகவே உரித்துச் சோற்றில் போடுகிறார்கள். பதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நமக்கு வந்தது மரவள்ளி. அதில் தட்டும் கசாபே ரொட்டி, கொலம்பஸ் வருவதற்கு முன்பே ஹிஸ்பனியோலாவின் தாயினோ மக்கள் சுட்டது. 2024-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

கூடவே கத்தரிக்காய்த் தொக்கு, பொரித்த பாலாடைக்கட்டி, ஒரு கீற்று அவகாடோ. தவக்காலத்தில் போனால் சிவப்பு அவரையும் தேங்காய்ப்பாலும் சர்க்கரைவள்ளியும் பட்டையும் சேர்த்துக் காய்ச்சிய இனிப்பு கிடைக்கும். விடாதீர்கள்.

கே: காரம்? (ஆந்திர எல்லையிலிருந்து ஒரு தமிழர்)

ப: இருக்காது. பூண்டும் ஓரிகானோவும் புளிப்பு நாரத்தைச் சாறும்தான் அங்கே ராஜா. மிளகாய்ச் சாஸ் கேட்டால் தருவார்கள், ஆனால் முதல் நாலு வாய் அவர்கள் வழியிலேயே சாப்பிடுங்கள்.

கே: என்ன குடிப்பது? குடிக்காதவர் என்ன குடிப்பது? (சிங்கப்பூர் வாசகர்)

ப: ரம் இவர்கள் குலத்தொழில். பெர்முதெஸ் 1852, ப்ருகால் 1888, பார்செலோ 1930 என்று மூன்று பழைய வீடுகள். ஏழு எட்டு ஆண்டு பீப்பாயில் கிடந்த ரம்மில் கோலா ஊற்றுவது வீண், ஒரு பனிக்கட்டி போதும். மாமாஹுவானா என்றொரு சமாச்சாரம் உண்டு. மரப்பட்டையும் வேரும் அடைத்த புட்டியில் ரம், சிவப்பு ஒயின், தேன் ஊற்றி ஊறவைப்பது. ஆண்மைக்கு நல்லது என்று பக்கத்து மேசைக்காரர் கண்ணடிப்பார். மருந்து என்று நம்பி நாலு கோப்பை போடாதீர்கள். உள்ளே இருப்பது சாராயம்.

குடிக்காதவர்களுக்கு 'மோரிர் சொன்யாந்தோ'. ஆரஞ்சுச் சாறும் பாலும். திரியாதா என்றுதானே கேட்கிறீர்கள்? பாலைச் சர்க்கரையோடும் பனிக்கட்டியோடும் நன்றாகக் குளிரவைத்து, சாற்றை மெல்லிய தாரையாக விட்டுக் கலக்க வேண்டும். அவசரப்பட்டால் திரிந்துவிடும். பொறுமையான கை கலக்கினால் இந்த இரவின் மிகச் சிறந்த பானம் இதுதான்.

கே: பில்லில் ஏமாறாமல் இருக்க? (டொராண்டோ வாசகர்)

ப: சான்டோ டொமிங்கோவில் மெனு விலையோடு 18% வரியும், சட்டப்படி 10% சேவைக் கட்டணமும் சேரும். ஆயிரம் பெசோ என்று எண்ணினால் 1,280 வரும். நியூயார்க்கில் விற்பனை வரி 8.875%, டிப்ஸ் தனி. கூட்டமாகப் போனால் டிப்ஸைப் பல இடங்களில் அவர்களே சேர்த்திருப்பார்கள், பில்லின் கடைசி வரியைப் படித்துவிட்டுப் பேனாவை எடுங்கள். லவுஞ்ச் பக்கம் மேசை பிடித்தால் குறைந்தபட்சச் செலவு என்று ஒரு தொகை சொல்வார்கள். அதில் சாப்பாடு சேருமா, புட்டி மட்டும்தானா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். ஆண்கள் அரைக்கால் சட்டையோடு போய் வாசலில் வாதாட வேண்டாம். டொமினிக்கன்காரர்கள் சனிக்கிழமைக்கு இஸ்திரி போட்டு உடுத்துகிறவர்கள்.

கே: எனக்கு ஆடத் தெரியாது. (மலேசிய வாசகி)

ப: நடக்கத் தெரியுமா? அப்படியானால் மெரெங்கே வரும். இடது, வலது, இடது, வலது, ஒரு தட்டுக்கு ஓர் அடி. தம்போரா என்ற முரசு அதை நடத்தும். ஒரு பக்கம் குச்சி, மறுபக்கம் உள்ளங்கை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அங்கேயும் உண்மை. பச்சாட்டா என்ற இன்னொரு ஆட்டத்தில் மூன்று அடி வைத்து நாலாவதில் இடுப்பை லேசாக ஒடிக்க வேண்டும். யாராவது கை நீட்டினால் ஒரு பாட்டுக்கு ஆடலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். புன்னகையோடு ஒரு தலையசைப்பு போதும்.

கே: பச்சாட்டா ஒரு காலத்தில் கேவலமான பாட்டு என்கிறார்களே? (யாழ்ப்பாண வாசகர்)

ப: கேவலப்படுத்தப்பட்ட பாட்டு. சர்வாதிகாரி ட்ருஹியோ மெரெங்கேவை அரசுப் பாட்டாக்கி வளர்த்தார். 1961-ல் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, 1962-ல் ஹோசே மனுவேல் கால்தெரோன் முதல் பச்சாட்டாப் பாடல்களைப் பதிவுசெய்தார். கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர்களின் சேரிகளிலும் சாராயக் கடைகளிலும் விலைமாதர் இல்லங்களிலும் கிதாரோடு அழுத பாட்டு அது. பெரிய வானொலிகள் தொடவில்லை. ரேடியோ குவாராச்சீத்தா விடாமல் ஒலிபரப்பியது. 1990-ல் ஹுவான் லூயிஸ் கெர்ரா 'பச்சாட்டா ரோசா' இசைத்தொகுப்பைக் கொண்டுவந்ததும் வரவேற்பறைக் கதவுகள் திறந்தன. பிறகு நியூயார்க்கின் பிராங்க்ஸில் வளர்ந்த 'அவென்ச்சுரா' பையன்கள் உலகத்துக்கே எடுத்துப் போனார்கள். மெரெங்கேவுக்கு 2016-லும் பச்சாட்டாவுக்கு 2019-லும் யுனெஸ்கோ அங்கீகாரம்.

அதனால்தான் இந்த மாதிரி உணவக லவுஞ்ச்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. இழிவாகப் பார்க்கப்பட்ட சோறும் இழிவாகப் பார்க்கப்பட்ட பாட்டும் ஒரே கூரையின் கீழ், சரவிளக்கு வெளிச்சத்தில், தலைநிமிர்ந்து நிற்கின்றன.

கே: ஜெட் செட் விபத்துக்குப் பிறகு அந்த ஊர் கிளப்புக்குப் போகவே பயமாக இருக்கிறது. (பெங்களூர் வாசகர்)

ப: 2025 ஏப்ரல் 8 அதிகாலை, சான்டோ டொமிங்கோவின் ஜெட் செட் கிளப்பில் கூரை இடிந்து விழுந்து 230-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேடையில் பாடிக்கொண்டிருந்த மெரெங்கே பாடகர் ரூபி பெரெஸும் அவர்களில் ஒருவர். ஆடப் போனவர்கள் கூரையைச் சோதித்துவிட்டா போக முடியும்? அது கட்டடத்தை வைத்திருப்பவரின் கடமை, சோதிக்க வேண்டிய அரசின் கடமை. நம்மால் முடிந்தது, உட்காரும்போதே இரண்டாவது வழி எங்கே என்று பார்த்துக்கொள்வது, அது பூட்டியிருந்தால் எழுந்து வந்துவிடுவது. வெட்கப்படாதீர்கள்.

கே: ஆடி முடித்துப் பசித்தால்? (துபாய் வாசகர்)

ப: சான்டோ டொமிங்கோவில் தெருவோர வண்டியில் 'சிமி' கேளுங்கள். தட்டிய இறைச்சியை ரொட்டிக்குள் வைத்து, மேலே முட்டைகோஸும் சாஸும் போட்டுக் கொடுப்பார்கள். கை வழியாக வழியும், பரவாயில்லை. தூங்கி எழுந்தபின் மங்கூ. வேகவைத்த வாழைக்காயை அந்தத் தண்ணீரையே கொஞ்சம் விட்டு வெண்ணெயோடு மசித்து, வினிகரில் வதக்கிய வெங்காயத்தை மேலே பரப்பி, பொரித்த சலாமி, பாலாடைக்கட்டி, முட்டை மூன்றையும் பக்கத்தில் வைத்துத் தருவார்கள். மதியம்வரை வேறெதுவும் வேண்டியிருக்காது.