படித்த நெல்லும் நட்ட நெல்லும்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971 ஜூன் மாதம் பிறந்தது. அந்த வருடமே கோவையில் பி.எஸ்சி. வேளாண்மை சேர்ந்தவன் நான். கல்லூரி பழையது. 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கி, 1906இல் கோவைக்கு இடம் மாறியது. பல்கலைக்கழகம் என்ற பெயர்தான் புதிது. அன்று ஊரிலிருந்து கோவை போக, நீடாமங்கலத்தில் மீட்டர் கேஜ் வண்டி ஏறித் திருச்சியில் இறங்க வேண்டும். டிரங்குப் பெட்டியோடு அகலப்பாதை வண்டிக்குக் காத்துக் கிடந்து, ஒருவழியாகப் போய்ச் சேர வேண்டும். இன்று மன்னார்குடியிலிருந்து வரும் செம்மொழி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிப் படுத்தால் விடிவதற்குள் கோவை. அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமும் இப்போது இல்லை. ஈச்சங்கோட்டையிலும் கீழ்வேளூரிலும் அதே பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் இருக்கின்றன. நீடாமங்கலத்திலேயே அதன் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

தூரம் குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சி. உள்ளே போகிற பிள்ளைகள் யார் என்பது மாறியதில் அதைவிடப் பல மடங்கு மகிழ்ச்சி.

எங்கள் வகுப்பில் பெரும்பாலும் நிலமுள்ள வீட்டுப் பையன்கள். பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். எங்கள் வீட்டுக்கு மூன்று வேலி, வெண்ணாற்றுப் பாசனம். வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிகிற மூணாறு தலைப்பில் குளித்து வளர்ந்தவன் நான். குறுவை எப்போது, சம்பா எப்போது, தாளடிக்கு எவ்வளவு நாள் மிஞ்சும் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நாற்றுமுடியைக் கையில் பிடித்துச் சேற்றில் குனிந்ததில்லை. எங்கள் வயலில் குனிந்தவர்கள் காலனித் தெருப் பெண்கள். நான் முதன்முதலாக நடவு நட்டது கோவையில், பல்கலைக்கழக நன்செய்ப் பண்ணையில் எனக்கென்று கொடுத்த ஒரு துண்டு வயலில்தான்.

வரிசைக்கு வரிசை 20 சென்டிமீட்டர், குத்துக்குக் குத்து 10 சென்டிமீட்டர், குத்துக்கு இரண்டு மூன்று நாற்று, மேலாக நட வேண்டும். கயிறு பிடித்து நட்டோம். அரைமணி நேரத்தில் இடுப்பு விட்டுப்போயிற்று. பொங்கல் விடுமுறைக்கு ஊர் வந்தபோது இந்தக் கணக்கை எங்கள் வயலில் நடவு நடும் ஒரு பெண்ணிடம் சொன்னேன். அவருக்கு அப்போது இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். எரு கண்ட வயலில் எட்ட நடுவோம், மெலிந்த வயலில் நெருக்கி நடுவோம், எல்லா வயலுக்கும் ஒரே அளவு எப்படி என்று கேட்டார். பயிர் இடைவெளி பற்றி அடுத்த ஆண்டு எடுத்த பாடத்தில் மண்வளத்துக்கு ஏற்ப இடைவெளியை மாற்றும் முறை வந்தது. அவர் சொன்ன அதே விதிதான். எனக்கு அதற்குக் கிரேடு புள்ளி கிடைத்தது. அவருக்கு அன்றாடக் கூலி.

அந்தக் கூலியையும் நாங்கள் படித்தோம். பண்ணைப் பொருளாதாரத்தில் சாகுபடிச் செலவு அட்டவணை போட வேண்டும். விதை, உரம், உழவு, அதன் கீழே 'நடவு – ஆள் கூலி' என்று ஒரு வரி. நான் கோவை போவதற்கு மூன்று ஆண்டுகளுக்குள்தான், 1968 டிசம்பர் 25 இரவில், கீழ்வெண்மணியில் கூலித் தகராறில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்து போனார்கள். டெல்டாவிலிருந்து வந்த எந்தப் பையனாலும் அந்த வரியை வெறும் எண்ணாக நிரப்பிவிட்டுத் தூங்கியிருக்க முடியாது. என்னால் முடியவில்லை.

ரகங்களைப் பற்றிய பாடம் வேறு மாதிரி. 1960களின் நடுவில் வந்த ஆடுதுறை 27தான் தஞ்சாவூர் ஜில்லாவில் குறுவையின் முகத்தை மாற்றியது. அதன் பெற்றோரில் ஒன்று ஜப்பான் வகை நெல், இன்னொன்று ஜி.இ.பி. 24, நம் ஊரில் கிச்சிலிச் சம்பா என்று சொல்லும் நெல். உயரமான நாட்டு ரகங்கள் உரம் போட்டால் சாய்ந்துவிடும், குட்டை ரகம் தாங்கும் என்று பரீட்சையில் எழுதினோம். அது பொய்யில்லை. ரேஷன் கடை வரிசையில் நின்ற நாட்டுக்கு அந்த நெல் சோறு போட்டது. அப்பாவே கண்டுமுதலைப் பார்த்துவிட்டுத்தான் மாறினார். ஆனால் சாயும் என்ற ஒரு குணத்தை வைத்து நாட்டு நெல்லின் மொத்தக் கதையையும் முடித்துவிட முடியாது என்பது நெல்லே பிறகு கற்றுக்கொடுத்த பாடம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இளம்பயிர் மூழ்கி அழுகுவது எங்கள் பக்கத்துத் தலைவிதி. இரண்டு வாரம் தண்ணீருக்குள் கிடந்தாலும் மீளும் சி.ஆர். 1009 சப்-1 நெல்லை இப்போது இங்கே நடுகிறார்கள். மூழ்கினாலும் தாங்கும் அந்த மரபணு, எஃப்.ஆர். 13ஏ என்ற ரகத்திலிருந்து வந்தது. ஒடிசா உழவர்கள் வெள்ளக்காட்டில் காலங்காலமாகக் காப்பாற்றி வைத்திருந்த ஒரு நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்தது அது. மரபணு இன்னதென்று உலகத்துக்கு 2006இல்தான் தெரிந்தது. அதே 2006இல் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நெல் திருவிழாவைத் தொடங்கினார். 2018இல் அவர் மறையும்போது மீட்டிருந்த பாரம்பரிய ரகங்கள் 174. வேளாண்மைப் பட்டம் எதுவும் இல்லாத மனிதர். என் கணக்கில் அவர் செய்தது ஒரு துறையின் வேலை.

படித்து முடித்து நானும் நெல் ஆராய்ச்சிக்குப் போனேன். ஒட்டுச் சேர்க்கும் வேலையைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் நுணுக்கம் தெரியும். பூ விரிவதற்கு முன்பே உமியின் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் ஒன்று விடாமல் எடுக்க வேண்டும். ஒன்று தங்கினாலும் ஒட்டு கெட்டது. பிறகு காகித உறை மாட்டி, காலை ஒன்பது, பத்து மணிக்கு ஆண் கதிர் பூக்கும் நேரம் பார்த்து மகரந்தத்தைத் தட்ட வேண்டும். நான் பார்த்த கைகளிலேயே இதைச் சுத்தமாகச் செய்தவை தினக்கூலிப் பெண்களின் கைகள். ரகம் வெளிவரும்போது குறிப்பில் எங்கள் பெயர்கள் இருக்கும். அவர்கள் பெயர் மஸ்டர் ரோலில் இருக்கும். இது ஓர் இடத்து வழக்கம் இல்லை. நெல் ஆராய்ச்சி வளர்ந்ததே இப்படித்தான். அவர்கள் பெயரும் அந்தக் குறிப்பில் வர வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

அன்று என்னிடம் எட்ட நடவு, கிட்ட நடவு சொன்ன அந்தப் பெண்ணின் பேத்தி இப்போது பி.எஸ்சி. வேளாண்மை கடைசி ஆண்டு படிக்கிறாள். அரசுப் பள்ளியில் படித்தவள். மருத்துவத்துக்கு மட்டும் இருந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டை 2021இல் வேளாண்மை, பொறியியல் படிப்புகளுக்கும் நீட்டித்தார்கள். அந்தக் கதவு வழியாகப் போனாள். முதல் பட்டதாரிச் சலுகையும் உண்டு. அவளுடைய குழுவை ஊரக வேளாண் பணி அனுபவப் பயிற்சிக்காக மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் விட்டிருக்கிறார்கள். ஏழெட்டுப் பேர், எல்லாரும் பெண்கள். நாங்கள் சார்ட்டை மாட்டிக்கொண்டு ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போவோம். இவர்கள் தெருவில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போட்டு, பெரியவர்களை உட்காரவைத்துக் கேட்கிறார்கள். வடிகால் எங்கே தூர்ந்தது, எந்த வயலில் தண்ணீர் தேங்கும், எந்தக் குட்டை யார் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குள் போனது என்று ஊர்க்காரர்கள் பொடியை அள்ளித் தாங்களே திருத்துகிறார்களாம். கேட்பதற்கு மதிப்பெண் கொடுக்கும் படிப்பு வந்திருக்கிறது. எனக்கு அது கிடைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பாட்டியும் பேத்தியும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மேல்படிப்புக்கு வேளாண் பொருளாதாரம் எடுக்க வேண்டும் என்கிறாள்.

"நடவு மிஷின் வந்த வயல்ல, வடக்கேருந்து ஆள் வந்து நடுற வயல்ல, இங்க உள்ள பொம்பளைங்களுக்கு வருஷத்துல எத்தன நாள் வேல போச்சுன்னு யாரும் ஊர் ஊரா உக்காந்து எழுதல சார். நான் எழுதணும்."

பாட்டி விடவில்லை. "வேல போனா போவட்டும், எங்க இடுப்பும் சேந்துல்ல போச்சு. நீ பேங்கு பரீட்ச எழுதும்மா. தம்பி, நீங்க சொல்லுங்க."

வேளாண்மை படித்தவர்களை வங்கிகள் எடுப்பது 1969இல் வங்கிகள் நாட்டுடைமை ஆன காலத்திலிருந்து இருக்கும் வழி. என் வகுப்பிலும் பலர் போனார்கள். குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். பாட்டி கேட்பதில் தப்பில்லை. ஆனால் அவள் எழுத நினைக்கிறதை எழுதுவதற்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் இந்த ஜில்லாவில் எனக்குத் தெரியாது. இதைப் பாட்டியிடமே சொன்னேன். மேல்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் பணம் கட்டுவது என்றும், வங்கித் தேர்வையும் கூடவே எழுதுவது என்றும் அப்போதைக்கு முடிவானது. என் பழைய புள்ளியியல் புத்தகங்களை எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு சைக்கிளில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.