கறுப்பு வெள்ளை அண்ணை

டென்மார்க்கில் நாலு தமிழ்க் குடும்பம் கூடிவிட்ட எந்த ஊரிலும் இவர் ஒருவர் இருப்பார். ஹேர்னிங்கில் இருக்கிறார், ஹொல்ஸ்டபுறோவில் இருக்கிறார், வைலவிலும் இருக்கிறார். அறுபத்தைந்தைத் தாண்டிய வயது. தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு. எழுபதுகளில் பள்ளிக்கூடத்துக்கு ஒளித்து, யாழ்ப்பாணம் ரீகல் தியேட்டரில் இங்கிலீசுப் படம் பார்த்துக் கெட்டுப்போனவர் என்று அவருடைய அக்கா இன்றைக்கும் ரெலிபோனில் சொல்லிக் கவலைப்படுவார். ஊர் வைத்த பெயர் ‘கறுப்பு வெள்ளை அண்ணை’. 1965க்குப் பிறகு ஹொலிவூட்டில் நடந்ததெல்லாம் வீண்செலவு என்பது அண்ணையின் தீர்ப்பு. கலரில் எடுத்த குற்றத்துக்காக ‘கோன் வித் த விண்ட்’ படத்தைத் தண்டித்திருக்க வேண்டும். கிளார்க் கேபிளின் முகத்துக்காக விட்டுவிட்டார்.

யாழ்ப்பாணத்தார் புதிதாக ஒருவரைக் கண்டால் கேட்கும் முதற்கேள்வி, “தம்பி எவ்விடம்? ஆற்ற மகன்?” மற்றவர்கள் இதைக் கலியாண வீட்டில் கேட்பார்கள். அண்ணை ஹொலிவூட் முழுவதையும் வரிசையில் நிறுத்திக் கேட்டுவிட்டார்.

“விவியன் லீ எவ்விடம் தெரியுமோ? டார்ஜிலிங். 1913இல பிறந்தவ. எங்கட பக்கம்தான்.”

டார்ஜிலிங் எங்கே, யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை எங்கே என்று கேட்கக்கூடாது. சொந்தம் என்று வந்துவிட்டால் அண்ணை தூரம் பார்ப்பதில்லை.

“மேர்ல் ஓபரன் பொம்பாய்ப் பிள்ளை. டாஸ்மேனியாவில பிறந்ததெண்டு புளுகிக்கொண்டு திரிஞ்சவ. கேரி கிராண்ட் இங்கிலாந்து, பிறிஸ்டல். சொந்தப் பேர் ஆர்ச்சிபால்ட் லீச். பேரை மாத்தினாப்போல ஊர் மாறுமோ?”

கடைசிக் கேள்வியை அவர் கேட்பது, கிருஷ்ணபிள்ளை என்ற பெயரைக் ‘கிறிஸ்’ என்று சுருக்கிக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து.

ஹொலிவூட்டுக்கு இலங்கை செய்த உபகாரங்களை அவர் தனிக் கணக்காக வைத்திருக்கிறார். ‘குவாய் நதிப் பாலம்’ படத்தில் வருவது தாய்லாந்து என்று யாராவது சொல்லிவிட்டால், “ஆர் சொன்னது? அது கித்துல்கல. களனி கங்கை!” என்று எழும்பி நிற்பார். 1957இல் வந்து ஏழு ஒஸ்கார் வாங்கிய படம். அதில் குறைந்தது மூன்றாவது எங்கள் ஆற்றுக்குச் சேரவேண்டும் என்பது அவர் வழக்கு. ‘எலிபன்ட் வோக்’ என்றால் இன்னும் ஆபத்து. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் படப்பிடிப்பு நடக்கும்போது விவியன் லீ மனநோயில் விழுந்தார். அவருக்குப் பதிலாக எலிசபெத் டெய்லர் நடித்து, 1954இல் படம் வெளிவந்தது. தூரத்துக் காட்சிகள் சிலவற்றில் மட்டும் பழைய ஆளே இருந்துவிட்டார். அண்ணை ரிமோட்டை நீட்டிப் படத்தை நிறுத்துவார். “இந்தா, அங்கால நடந்து போறவ லீ. கிட்ட வரட்டும், டெய்லராகிடுவா.” ஒன்றே முக்கால் மணிநேரப் படம் அவர் வீட்டில் நாலு மணிநேரம் ஓடுவது இப்படித்தான்.

வாழ வந்த நாட்டுக்கும் அவர் துரோகம் செய்யவில்லை. டெனிஷ்காரர்களே மறந்துபோன ஜீன் ஹெர்ஷோல்ட்டை அவர்களுக்கு நினைவூட்டிக்கொண்டிருப்பவர் அண்ணைதான். 1886இல் கோப்பன்ஹேகனில் பிறந்தவர். ‘ஹைடி’ படத்தில் ஷேர்லி டெம்பிளுக்குத் தாத்தா. அண்டர்சனின் கதைகளை ஆங்கிலத்தில் தந்தவர். ஒஸ்கார் மேடையில் மனிதநேயத்துக்காகக் கொடுக்கும் விருது அவருடைய பெயரில் இருக்கிறது. பஸ் தரிப்பில் நிற்கும் டெனிஷ் முதியவரிடம் அண்ணை இதையெல்லாம் சொல்லி, “உங்கட ஆளை உங்களுக்கே தெரியாதோ?” என்று டெனிஷில் கண்டிப்பார். முதியவர் அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிடுவார்.

அந்த டெனிஷ் எங்கே படித்தது என்பதும் சொல்லவேண்டிய கதை. சிறுவர் படங்களைத் தவிர வேறெதற்கும் இந்த நாட்டில் குரல் மாற்றுவதில்லை. கீழே எழுத்துப் போட்டுவிடுவார்கள். அண்ணை வந்த காலத்தில் நாடு முழுவதற்கும் டிஆர் என்ற ஒரே தேசியத் தொலைக்காட்சிதான். இரண்டாவது 1988 ஒக்டோபரில்தான் வந்தது. மொழி வகுப்பில் தூங்கிய அண்ணை, பழைய அமெரிக்கப் படங்களின் அடியில் ஓடிய எழுத்தைப் படித்தே டெனிஷில் தேறினார். அதனால் அவருடைய டெனிஷில் பாதி நீதிமன்றத்துக்குரியது, மீதி காதலுக்குரியது. வாடகை உதவி கேட்டுக் கொம்யூன் அலுவலகத்துக்குப் போனவர், கொலைப்பழியிலிருந்து தப்பும் கதாநாயகனைப்போலப் பேசி முடித்தாராம். உதவி கிடைத்தது.

ஆனால் அவருடைய வேதம் ஒன்றுதான்: ‘காசாபிளாங்கா’. உலகம் அதைக் காதல் படம் என்கிறது. அண்ணைக்கு அது விசாப் படம். “வடிவாப் பாரும் தம்பி. சனம் முழுக்க பேப்பருக்குக் காத்துக்கொண்டு இருக்குது. கள்ளப் பயணப் பத்திரம் விக்கிற பீட்டர் லோரே ஆர்? ஏஜென்சிக்காரன்!” படத்தில் பெயர் போட்டு வரும் பதினான்கு நடிகர்களில் அமெரிக்காவில் பிறந்தவர்கள் மூன்றே பேர். நாஸி அதிகாரியாக வரும் கொன்ராட் வைட் நாஸிகளுக்குத் தப்பி ஜெர்மனியை விட்டு வந்தவர். இயக்குநர் மைக்கேல் கேர்ட்டிஸ் புடாபெஸ்ட்காரர். “முழுக்க எங்களைப்போல ஆக்கள்” என்று அண்ணை சொல்லும்போது, யாரும் சிரிப்பதில்லை.

சிரிக்காததற்குக் காரணம் உண்டு. 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின் ஹான்சன், தமிழ் அகதிகளின் மனைவி மக்களை அழைக்கும் விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போட்டார். அந்தக் கோப்புகளில் அண்ணையின் கலியாணமும் ஒன்று. “படத்தில இங்கிரிட் பெர்க்மன் பிளேனுக்குக் காத்திருந்தது இரண்டு மூண்டு நாள். இஞ்ச இருக்கிறவ கொழும்பில இரண்டு வருசம்” என்று மனைவியைக் காட்டுவார். அந்த விவகாரத்தில் 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டரின் அரசே பதவி விலகியது. ஊர்த் தமிழர்கள் நீதி வென்றது என்று கேக் வெட்டத் தயாரானபோது அண்ணை மட்டும் சவரம் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். அதே மாதம் 20ஆம் திகதி ஆட்ரி ஹெப்பர்ன் இறந்துவிட்டார்.

வீட்டில் நிலைமை சுமுகம் என்று சொல்ல முடியாது. “இஞ்சருங்கோ, உந்த ஹம்ப்ரி போகார்ட் வந்து குப்பை கொட்டுவாரோ?” என்று குசினியிலிருந்து குரல் வரும். அண்ணை எழும்பிப்போய்க் கொட்டுவார். மழை பெய்தால் மழைக்கோட்டின் கழுத்துப்பட்டியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கொஞ்சம் மெதுவாக. மருமக்கள் பாடு இன்னும் மோசம். “மாமா, இதில கலரே இல்லையே” என்று முறையிடும் சின்னவனிடம், “இன்ரவெலுக்குப் பிறகு வரும், இரு” என்பார். ‘தி என்ட்’ விழும்வரை அந்தப் பிள்ளை நம்பிக்கொண்டிருக்கும். அடுத்த வருடம் அதன் தம்பி அதே கதிரையில் இருப்பான்.

கெட்ட பழக்கங்கள் இரண்டு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுவார். வசனத்தை நடிகருக்கு அரை நொடி முன்னால் சொல்லுவார். இதைத் தவிர அவரால் யாருக்கும் தீங்கில்லை.

ஆகையால் டென்மார்க் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘காசாபிளாங்கா’ பார்த்ததில்லை என்ற உண்மையை வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். ஞாயிறு இரவுதான் விடுவார். வாய் தவறிச் சொல்லிவிட்டால், மறுக்காமல் போய் உட்காருங்கள். சோறும் கறியும் அண்ணையின் மனைவி தருவார். படமும் நல்ல படம்தான்.