ஹெல்சிங்கி பையனும் தவணைக் கம்ப்யூட்டரும்

லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் பிறந்த கதையைச் சொல்ல வருகிறவர்கள் முதலில் தொண்டையைச் செருமிக்கொள்கிறார்கள். சுதந்திரம், புரட்சி, அறிவுப் பொதுவுடைமை என்று கனமான வார்த்தைகள் வரிசையாக வரும். நடந்தது அப்படி ஒன்றும் மகத்தான காரியம் இல்லை. வெளியே பனி. பல்கலைக்கழகத்தில் யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடும் மெஷின் ஒன்றே ஒன்று, அதில் ஒரே நேரத்தில் 16 பேருக்கு மேல் நுழைய முடியாது. 21 வயதுப் பையன் ஒருவனுக்குக் கட்டிலை விட்டு நாலடி தாண்டாமல் அதற்குள் நுழைய வேண்டும். அதற்காக அவன் அடித்த கூத்துதான் லினக்ஸ்.

பையன் லினஸ் டோர்வால்ட்ஸ். ஊர், பின்லாந்தின் ஹெல்சிங்கி. கெடுத்து வைத்தவர் தாத்தா. லியோ தோர்ன்க்விஸ்ட் என்கிற அந்தப் புள்ளியியல் பேராசிரியர் கமோடோர் விக்-20 கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினார். புரோகிராமைப் பேப்பரில் எழுதிவிடுவார். பேரனை மடியில் உட்காரவைத்து அதை டைப் அடிக்கச் சொல்வார். சம்பளம் கேட்காத டைப்பிஸ்ட். அதோடு விட்டிருக்கலாம். வளர்ந்ததும் பையன் சின்க்ளேர் க்யூஎல் வாங்கினான். சந்தையில் போணியாகாத மெஷின் அது. அதற்கு சாஃப்ட்வேர் தேடி அலைவதைவிட எழுதிக்கொள்வது சுலபம். ஃப்ளாப்பி டிரைவை ஓட்டும் டிரைவர், எடிட்டர், அசெம்ப்ளர் எல்லாம் அவனே எழுதினான். நாலு பேர் வாங்குகிற மெஷினாகப் பார்த்து வாங்கியிருந்தால் ஒழுங்காக கேம் ஆடிக்கொண்டு உருப்பட்டிருப்பான்.

1991 ஜனவரி 5 அன்று வீட்டுக்கு 386 கம்ப்யூட்டர் வந்தது. 33 மெகாஹெர்ட்ஸ், 4 எம்பி ராம். இன்றைக்கு உங்கள் பெரியப்பா அனுப்பும் குட் மார்னிங் வீடியோவுக்கே அந்த ராம் போதாது. விலை சுமார் 3,500 டாலர். கிறிஸ்துமஸுக்கு வந்த காசு, படிப்புக்கென்று வாங்கிய கடன் இரண்டையும் போட்டும் பற்றாமல், மிச்சத்துக்கு மூன்று வருஷத் தவணை. படிப்புக் கடனில் கம்ப்யூட்டர் வாங்குகிற பிள்ளைகள் எல்லா தேசத்திலும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு இவன் செய்தது, பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ஆடியது. காரணம், ஆர்டர் கொடுத்த மினிக்ஸ் வரத் தாமதமானது. ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் மாணவர்களுக்குப் பாடம் நடத்த எழுதிய குட்டி யூனிக்ஸ் அது. 169 டாலர், 16 ஃப்ளாப்பி.

மினிக்ஸ் வந்தது. மோடம் வழியாகப் பல்கலைக்கழகத்துக்குப் பேச அதில் இருந்த டெர்மினல் புரோகிராம் பையனுக்குப் பிடிக்கவில்லை. சொந்தமாக ஒன்று எழுதலாம் என்று உட்கார்ந்தான். அதையும் மினிக்ஸ் மேல் எழுதாமல் நேரடியாக வன்பொருள் மேலேயே எழுதினான். கீபோர்டில் அடித்ததை மோடத்துக்கு அனுப்ப ஒரு வேலையாள், மோடத்தில் வந்ததைத் திரையில் காட்ட இன்னொரு வேலையாள். சிப் இருவருக்கும் மாறி மாறி நேரம் ஒதுக்க வேண்டும். சோதித்துப் பார்க்க ஒருவன் ‘ஏ’ என்ற எழுத்தை அச்சடிப்பான், மற்றவன் ‘பி’ அடிப்பான். திரை முழுக்க ஏஏஏஏ, பிபிபிபி. இதை நண்பன் லார்ஸ் விர்ஸீனியஸுக்குப் பெருமையாகக் காட்டினான். ஒண்ணாங்கிளாஸ் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் சங்கதியை ராத்திரி பகலாகக் கண் விழித்துத் திரைக்குக் கொண்டுவந்த மகனைப் பார்த்துப் பெற்றவர்கள் என்ன நினைப்பார்கள், சொல்லுங்கள். ஆனால் இன்று ஏராளமான சர்வர்களும் போன்களும் ஒரே நேரத்தில் பல வேலை பார்ப்பதன் ஆதி வடிவம் அந்த ஏஏஏஏ, பிபிபிபிதான்.

பேச முடிந்தது. பேசியபின் ஃபைல்களை இறக்க ஆசை வந்தது. இறக்கியதை வைக்க டிஸ்க் வேண்டும், டிஸ்க்கை ஓட்ட டிரைவர் வேண்டும், டிரைவர் வந்தால் ஃபைல்களை அடுக்கி வைக்க ஒரு முறை வேண்டும். கோவணத்தை எலி கடிக்கிறது என்று பூனை வளர்த்து, பூனைக்குப் பாலுக்காக மாடு வாங்கிக் கடைசியில் சம்சாரியான சாமியார் மாதிரி, டெர்மினல் புரோகிராம் எழுத உட்கார்ந்தவன் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு அப்பனாகிவிட்டான்.

இந்தக் கதையின் நடுவில் ஒரு கூத்து. பல்கலைக்கழகத்துக்கு டயல் செய்யும் கட்டளையை மோடத்துக்கு அனுப்புவதற்குப் பதிலாக ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டான். யூனிக்ஸ் பரம்பரையில் மோடமும் ஒரு ஃபைல், டிஸ்க்கும் ஒரு ஃபைல். பெயரை மாற்றிச் சொன்னால் எதற்கு வேண்டுமானாலும் போன் போடலாம். டிஸ்க் போனை எடுக்கவில்லை. வந்த எண்ணை அப்படியே தன் மேல் எழுதிக்கொண்டது. மினிக்ஸ் இருந்த பகுதி காலி. திரும்ப மினிக்ஸைப் போடலாமா, அல்லது நம்முடையதையே முழுசாக்கிவிடலாமா என்ற கேள்விக்கு ராங் நம்பர் விடை சொன்னது. இந்த அனுபவத்தில் பாடம் கற்றானா என்றால், 1996-ல் டிஸ்க் சாகக் கிடந்தபோது அவன் எழுதியதைப் பாருங்கள்: பேக்கப் எடுப்பதெல்லாம் பயந்தாங்கொள்ளி வேலை, முக்கியமானதைப் பொது எஃப்டிபி சர்வரில் போட்டுவிட்டால் ஊர் உலகம் நகலெடுத்து வைத்துக்கொள்ளும் என்கிறான். உலகமும் எடுத்து வைத்துக்கொண்டது. நீங்களும் நானும் அப்படிச் செய்தால் எந்த உலகமும் எடுத்து வைக்காது.

1991 ஆகஸ்ட் 25 அன்று மினிக்ஸ்காரர்களுக்கு ஒரு அறிவிப்பு எழுதினான். சும்மா பொழுதுபோக்குக்குச் செய்கிறேன், பெரிதாக ஒன்றும் வராது, என்னிடம் இருக்கிற ஏடி ஹார்ட் டிஸ்க்கைத் தவிர வேறெதிலும் ஓடப்போவதில்லை என்ற பொருளில். தொழில்நுட்ப வரலாற்றில் இவ்வளவு நாணயமாக எழுதி இவ்வளவு தப்பிப்போன வாசகங்கள் குறைவு. செப்டம்பரில் வந்த 0.01 பதிப்பைத் திறந்து பார்த்தால் அது ஆபரேட்டிங் சிஸ்டமாகவே தெரியாது, அவன் அறையின் சாமான் பட்டியலாகத்தான் தெரியும். டிஸ்க்கின் அளவுகள் உள்ளேயே எழுதப்பட்டிருந்தன. தன் டிஸ்க்குக்கு ‘லினஸ்_எச்டி’ என்று பெயர். லார்ஸ் வீட்டு டிஸ்க்குக்கு ‘லாசு_எச்டி’. உலகத்தில் டிஸ்க் வகை இரண்டே இரண்டு: என்னுடையது, என் சிநேகிதனுடையது. கீபோர்டும் பின்லாந்துக் கீபோர்டு மட்டும்தான்.

அந்தக் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜெர்மனிக்காரர் ஒருவர், என் மெஷினில் 2 எம்பி ராம்தான் இருக்கிறது, கம்பைலர் ஓட மாட்டேன் என்கிறது என்றார். தன் மெஷினுக்குத் தேவையே இல்லாத அந்த வேலையைப் பண்டிகை நாளில் உட்கார்ந்து முடித்தான்: ராம் பற்றாதபோது டிஸ்க்கில் கொஞ்சம் இடம் கடன் வாங்கும் வித்தை. கடன் வாங்குவதில் பையனுக்கு அனுபவம் உண்டல்லவா! காசு அனுப்பட்டுமா என்றவர்களிடம் தபால் அட்டை போதும் என்றான். தேசம் தேசமாக அட்டைகள் வந்து குவிந்தபிறகுதான் தங்கை சாராவுக்கு அண்ணன் மேல் மதிப்பு வந்தது. பிறகு அன்பர்கள் சிலர் வசூல் செய்து தவணைப் பாக்கியையும் அடைத்துவிட்டார்கள். உலகப் புரட்சிகளில் இஎம்ஐ கட்டி முடித்த புரட்சி இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

1992 ஜனவரியில் டானன்பாம் பிரம்பைக் கையில் எடுத்தார். லினக்ஸ் காலாவதியான சரக்கு, 1970-களுக்குத் திரும்பிப் போகும் அமைப்பு, நல்லவேளை நீ என் மாணவன் இல்லை, இருந்திருந்தால் நல்ல மார்க் கிடைத்திருக்காது என்றார். இன்னும் ஐந்து வருஷத்தில் எல்லாரும் ஸ்பார்க்ஸ்டேஷன்-5 என்ற மெஷினில் இலவச க்னூ ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஓட்டிக்கொண்டிருப்பார்கள் என்று ஜோசியமும் சொன்னார். இப்போது தெருவில் பத்துப் பேரை நிறுத்தி ஸ்பார்க்ஸ்டேஷன் என்றால் என்ன என்று கேளுங்கள், பட்டாசுக் கடையா என்பார்கள். பையனும் வாய்க்கு வந்தபடி பதில் எழுதினான், பிறகு மன்னிப்புக் கேட்டான். வாத்தியார் தன் கருத்தில் ஒரு இம்மிகூட இறங்கவில்லை.

2017 நவம்பரில் உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியல் வந்தது. 500-லும் லினக்ஸ். அதே மாதம் டானன்பாம் இண்டெலுக்குப் பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதினார். 2015 முதல் வந்த இண்டெல் மெஷின்களில், சிப்செட்டின் அடிவயிற்றில் இருக்கும் மேற்பார்வைப் பகுதியில் ஓடுவது மினிக்ஸ் என்று வெளியாகியிருந்தது. சட்டப்படி சொல்லவேண்டிய அவசியமில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும் என்றார்.

ஆக, ஆபீஸில் கழித்துக்கட்டிய இண்டெல் பெட்டி ஒன்றை வாங்கி வந்து, வீட்டு மூலையில் சர்வராக்கி, போட்டோவும் சினிமாவும் அடுக்கி வைத்து, இது முழுக்க முழுக்க லினக்ஸாக்கும் என்று விருந்தாளிகளிடம் பீற்றிக்கொள்கிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். மேல்மாடியில்தான் பையன். கீழே வாத்தியார் குடியிருக்கிறார். சர்வரை ஷட் டவுன் செய்தால் பையன் தூங்கிவிடுவான். பிளக்கைப் பிடுங்குகிற வரைக்கும் வாத்தியார் தூங்க மாட்டார்.