எண்ணெய் மாமா

திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் காலையில் நடப்பவர்களில் பாதிப்பேர் உடம்புக்காக நடக்கிறார்கள், மிச்சப்பேர் பேசுவதற்காக. எண்ணெய் மாமா இரண்டாம் கட்சி. கரமனையிலும் கோட்டைக்குள்ளும் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். ஏஜீஸ் ஆபீசிலோ செக்ரடேரியட்டிலோ ஆயுள் முழுக்க ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவர். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மறுநாளிலிருந்து ஊருக்கே கொழுப்பு ஆலோசகர்.

"கேட்டேளா, உங்காத்திலே சன்ஃப்ளவரா? ஒமேகா-6 ஜாஸ்தியாக்கும். இன்னிக்கே நிறுத்துங்கோ."

போன மாதம் சன்ஃப்ளவர்தான் அமிர்தம் என்றவரும் இவரே.

2017-ல் அமெரிக்க இதய சங்கம் தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்றது. அதில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் என்பது வாதம். மாமா அன்றே தடை உத்தரவு போட்டார். பச்சைத் தேங்காயெண்ணெய் விடாமல் அவியல் இறக்கிய அன்று அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. மறு வருஷம் ஜெர்மனியில் ஒரு பேராசிரியை தேங்காய் எண்ணெயை நஞ்சு என்று பேசிய வீடியோ பரவியது. இது கேரளத்தின் மானப் பிரச்சினை ஆயிற்றே! தேசபக்தி பொங்கி, 'கேரா' தேங்காய் எண்ணெய் பாக்கெட் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

ஆதாரமும் கையில் வைத்திருந்தார். கொச்சி அமிர்தா மருத்துவமனையில் 200 இதய நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதிக்குத் தேங்காய் எண்ணெய், மறு பாதிக்குச் சூரியகாந்தி எண்ணெய் என்று இரண்டு வருஷம் சமைக்க வைத்துப் பார்த்தார்கள். 2016-ல் முடிவு வெளியானது: சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. அந்த நோயாளிகள் எல்லாரும் ஒழுங்காக மருந்து சாப்பிட்டவர்கள் என்பது மாமா படிக்காத பத்தி. "தேங்காய் ஜெயிச்சாச்சு!" என்றார். டிரா ஆன மேட்சுக்கு வெடி போடுகிற ஆள்.

பிறகு தவிட்டு எண்ணெய். பிறகு ஆலிவ், அந்த பாட்டில் விருந்தாளி கண்ணில் படும்படி முன் அலமாரியில் நின்றது. பிறகு நாகர்கோவிலிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த செக்கு நல்லெண்ணெய். சாலைக் கடைத்தெருவில் ஒரு டின்னில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டிருந்ததைப் பார்த்து இரண்டு டின் வாங்கினார். செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் அது இருக்காது என்று கடைக்காரருக்குத் தெரியும். சொல்ல அவருக்கு என்ன தலையெழுத்து?

2025-ல் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. நிறைவுற்ற கொழுப்பின் கெடுதல் மாமாவுக்கு அந்த வாரம் மறுபடி ஞாபகம் வந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரே எண்ணெயைப் பிடித்துக்கொண்டிராமல் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது என்று ஊட்டச்சத்து நிபுணர்களே சொல்கிறார்கள். மாமா தெரியாமலே சரியாக நடக்கிறார்.

அடுப்படி மூலையில் எவர்சில்வர் தூக்கு ஒன்று உண்டு. ஓணத்துக்கு நேந்திரங்காய் உப்பேரி வறுத்த எண்ணெய், அடியில் கருகின தூளோடு, கறுத்துப்போய் அதில் இருக்கும். அதிலேயே அப்பளம், அதிலேயே வடை. "நானூறு ரூபாயை சிங்கிலே கொட்டச் சொல்றேளா?" திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் கடைகளில் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. மாமா வீட்டுத் தூக்கைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வருவதில்லை.

இந்தக் கூத்தில் மாமி வாயே திறப்பதில்லை. மளிகை நோட்டு மட்டும் எழுதுகிறாள். உட்கார்ந்த வாழ்க்கை வாழும் ஆணுக்கு நாளைக்கு 25 கிராம், பெண்ணுக்கு 20 கிராம் எண்ணெய் போதும் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கணக்குப் போட்டது. இரண்டு பேருக்கு மாதம் சுமார் ஒன்றரை லிட்டர். மாமி நோட்டில் நாலு. சன்ஃப்ளவர் மாதத்திலும் நாலு, ஆலிவ் மாதத்திலும் நாலு. நடை முடிந்து தட்டுக்கடையில் மாமா நின்றுகொண்டே சாப்பிடும் இரண்டு பழம்பொரி இதில் சேர்த்தியில்லை.

மியூசியம் வாசலில் அவர் உங்களை மடக்கினால் தப்பிக்க ஒரே வழிதான். "மாசம் எத்தனை லிட்டர் மாமா ஆறது?" என்று கேளுங்கள். வெயில் ஏறிடுத்து என்று கிளம்பிவிடுவார்.