நாய் நடத்தலும் மான் ஓடலும்: புதூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மான் மேய்கிற வெளியில் நாயோடு உலாப் போவது குறித்த முதன்மைத் தரவு லண்டனில் கிடைக்கிறது. 2011 நவம்பரில் ரிச்மண்ட் பூங்காவில் ஃபென்டன் என்ற லாப்ரடார் நாய் ஒரு மான் கூட்டத்தையே சாலை தாண்டி விரட்டியது. "ஃபென்டன்! ஃபென்டன்!" என்று தொண்டை கிழியக் கத்தியபடி உடையவர் பின்னால் ஓடினார். ஒரு நிமிடம்கூட ஓடாத அந்தக் காணொளியை ஊர் உலகமே பார்த்துச் சிரித்தது. ஆய்வு நோக்கில் அதில் இருப்பவை மூன்று: நாய், மான், கத்தல். மூன்றாவதற்கும் முதலாவதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பது அன்றே நிறுவப்பட்டுவிட்டது.

இதே ஆய்வை விளாத்திகுளம் பக்கத்துப் புதூரில் நடத்திப் பார்க்கலாமே என்று எண்ணுகிறவருக்கு எடுத்த எடுப்பிலேயே ஒரு சிக்கல். லண்டனில் ஃபென்டன் ஓடியது இலையுதிர் காலத்தில். தமிழ் வகுத்த பெரும்பொழுது ஆறில் அப்படியொன்று கிடையாது. ஐப்பசி, கார்த்திகைக்குக் கூதிர் என்று பெயர். வேலிக்கருவை எந்த மாதத்திலும் வெட்கப்பட்டு இலையை உதிர்ப்பதாகத் தெரியவில்லை. ஐப்பசியில் கரிசலில் உதிர்வது மழை. அதுவும் பெய்தால்தான்.

பெய்துவிட்டால் நடை என்ற சொல்லுக்கே பொருள் மாறிவிடுகிறது. நாலு எட்டு வைப்பதற்குள் செருப்புக்கு அடியில் கரிசல் அடை அடையாய் ஏறி, ஆள் இரண்டு அங்குலம் வளர்ந்துவிடுகிறார். வரப்பில் உட்கார்ந்து குச்சியால் வழித்துவிட்டு எழுந்தால், அடுத்த நாலு எட்டில் திரும்ப அதே உயரம். நாய்க்கு இந்தத் தொல்லை நான்கு காலிலும். விரல் இடுக்கில் மண் அடைத்து, அது காலை உதறி உதறி நடப்பதைப் பார்த்தால் வேண்டாவெறுப்பாக நாட்டியம் பழகுவதுபோல் இருக்கும்.

பூங்காவுக்கும் பஞ்சம்தான். ரிச்மண்ட் பூங்காவை 1637-ல் முதலாம் சார்லஸ் மன்னர் மதில் எழுப்பி வளைத்தார். பரப்பு சுமார் 2500 ஏக்கர், மான்கள் அறுநூற்றுச் சொச்சம். புதூர் இருக்கும் தூத்துக்குடி மாவட்டமும் சளைத்ததல்ல. 1987-ல் அறிவிக்கப்பட்ட வல்லநாடு வெளிமான் சரணாலயம் 16.41 சதுர கிலோமீட்டர். மன்னரின் பூங்காவைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் அங்கே நாயைக் கூட்டிக்கொண்டு உலாப் போக முடியாது. கோவில்பட்டிப் பக்கம் குருமலைக் காட்டில் புள்ளிமான் உண்டு. புதூர்க்காரருக்கு அந்த அலைச்சலும் தேவையில்லை. பாசியும் உளுந்தும் முளைத்து இரண்டு இலை விட்டதும் மான் தானே காட்டுக்கு வந்துவிடும். கரிசலில் காடு என்றால் விளைநிலம் என்பதை வெளியூர் ஆய்வாளர் குறித்துக்கொள்ள வேண்டும். இது புரியாமல் களப்பணிக்கு இறங்கியவர் காட்டைத் தேடிக் காட்டுக்குள்ளேயே அலைவார்.

இந்த மானைத் தடுக்க வெள்ளாமைக்காரர்கள் பழைய சேலைகளைக் கம்பு நட்டுச் சுற்றிக் கட்டுகிறார்கள். பூப்போட்ட நைலக்ஸ், சாயம் போன சுங்குடி, எப்போதோ தீபாவளிக்கு எடுத்த மாம்பழக் கலர் எல்லாம் காற்றில் ஆடும். மான் இரண்டு நாள் மிரளும். மூன்றாம் நாள் அதே சேலைக்கு அடியில் குனிந்து உள்ளே போகும்.

இனி நாய். லாப்ரடார், வேட்டைக்காரர் சுட்டு வீழ்த்தியதை எடுத்து வரப் பழக்கப்பட்ட இனம். ஃபென்டன் செய்தது தொழில் மீறல். சிப்பிப்பாறை, கன்னி ஆகிய கரிசல் இனங்களுக்கு அந்தச் சாக்கு செல்லாது. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுகிற வேட்டை நாய்கள் அவை. தூரத்தில் ஏதோ அசைந்தால் போதும். கயிற்றைப் பிடித்திருப்பவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஆய்வில் பங்கேற்பார். வெளிமானோ மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம்வரை தொடக்கூடியது. முடிவு பெரும்பாலும் மானுக்குச் சாதகம், கயிறு பிடித்தவரின் முழங்காலுக்குப் பாதகம்.

இவ்விரு விலங்குகளையும் ஒரே மூச்சில் பேசியதில் லண்டனுக்கு முந்தியவர் தொல்காப்பியர். பன்றி, புல்வாய் என்னும் மான், நாய் மூன்றின் பெண்ணுக்கும் பிணவு என்ற ஒரே பெயரை மரபியலில் அவர் தந்திருக்கிறார். மூன்றும் ஒரே புஞ்சையில் ஒரே இரவில் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அவர் அப்படி எழுதியிருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. உரையாசிரியர்கள் இதை ஏற்கமாட்டார்கள்; அவர்களுக்குப் பாசிப்பயறு போட்ட அனுபவம் இருந்திருக்காது.

சட்டமும் இதில் விளையாட்டுக்கு இடம் வைக்கவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் துரத்துவதும் வேட்டைக் கணக்கில்தான் வருகிறது. வெளிமானுக்கு முதல் அட்டவணைப் பாதுகாப்பு. ஆகவே நாய் ஓடும்போது கத்துவதா, யாருடைய நாயோ என்று சும்மா நிற்பதா என்பது கரிசலில் ஆழ்ந்த சிந்தனைக்குரிய வினா.

அந்த வினா எழுந்த ஒரு விடிகாலைக் காட்சியோடு களக்குறிப்பு முடிகிறது. ராத்திரி மழை விட்டிருக்கிறது. சேலை வேலிக்கு உள்ளே மூன்று புள்ளிமான்கள் பாசியைக் கொறித்துக்கொண்டிருக்கின்றன. வரப்பில் குடையும் கையுமாக ஒரு பெரியவர்.

"அண்ணாச்சி, நாயை அவுத்து விட வேண்டியதான?" என்கிறான் பக்கத்துக் காட்டுப் பையன்.

"எங்கிட்டுலே அவுக்க? சகதியில கால் வைக்க மாட்டேன்னு வீட்டுத் திண்ணையிலேயே படுத்துக்கிட்டு. நாந்தான் வந்திருக்கேன்."

மான் ஒன்று நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தது. பெரியவர் குச்சியைத் தேடி எடுத்து, வரப்பில் உட்கார்ந்து செருப்பை வழிக்க ஆரம்பித்தார்.