தண்ணி நல்லா குடிங்க

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில், முழங்கால் வலிக்கிறது என்று வாய்தவறிச் சொல்லித் தொலைத்தேன். பக்கத்து இலைக்காரர் ரசத்தில் அளைந்த கையை அப்படியே நிறுத்தி, "தண்ணி நல்லா குடிங்க சார்" என்றார். எதிர் வரிசை மாமி, "வெறும் வயித்துல" என்று பத்தியமும் சேர்த்தார். முடி கொட்டினாலும் இதுதான், பையனுக்குக் கணக்கு வராவிட்டாலும் இதுதான்.

உடம்பில் எழுபது சதவீதம் தண்ணீராமே! அது பச்சைக் குழந்தைக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் கணக்கு. வளர்ந்த ஆணுக்குச் சுமார் 60. என் வயதில் 50-ஐ ஒட்டித்தான். ஆக, நான் வற்றிவரும் ஏரி. இன்னும் யாரும் பிளாட் போடவில்லை, அவ்வளவே.

தண்ணீர் மேல் எனக்கு வருத்தமில்லை, அதன் ரசிகர்கள் மேல்தான். பனிக்கட்டி ஏன் மிதக்கிறது, அதனால் ஏரி மீன்கள் எப்படிப் பிழைக்கின்றன என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் தண்ணீரைக் காரமாக்கித் தருவதாகச் சொல்லி விற்கும் ஆல்கலைன் மெஷின் குறுக்கே வந்துவிட்டது.

பக்கத்து இலைக்காரர் வீட்டில் அது இருக்கிறது. விலையைக் கேட்டேன், என் முழங்காலையே மாற்றிவிடலாம் போலிருந்தது. அதில் வரும் தண்ணீரின் பி.எச். 9. இருக்கட்டும். அது போய் விழுகிற இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம், பி.எச். 2-ஐ ஒட்டி. இந்த அளவுகோலில் ஒரு படி என்றால் பத்து மடங்கு. ஏழு படி, ஒரு கோடி மடங்கு. ஒரு டம்ளர் தண்ணீர் அங்கே போய் என்ன கிழிக்கும்? சரி, கிழித்தது என்றே வைத்துக்கொள்வோம். ரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நிற்கும்படி நுரையீரலும் சிறுநீரகமும் ராப்பகலாகக் காவல் காக்கின்றன. அதையும் மீறி இவர் ஆசைப்படுகிற அளவுக்கு ரத்தம் காரமாகிவிட்டால், இவர் உட்கார வேண்டிய இடம் பந்தி அல்ல, படுக்க வேண்டிய இடம் ஐ.சி.யூ. விற்க வந்த பையன் அந்தத் தண்ணீரில் சோதனைத் திரவம் சொட்டு விட்டு ஊதா நிறம் காட்டினானாம். சோப்புத் தண்ணீரும் அதே நிறம்தான் காட்டும். மெஷின் தண்ணீரில் மூலக்கூறுகள் அறுகோணமாக நிற்குமாம். தண்ணீரில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு, நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் அறுந்து வேறொன்றோடு சேர்ந்துவிடும். வாய்க்கு வரும்வரை எந்தக் கோணம் காத்திருக்கும்? இதற்கெல்லாம் சிகரமாக, ருசிக்காக அதில் எலுமிச்சம்பழம் பிழிந்து குடிக்கிறாராம்!

இந்த ஆத்திரத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் உடம்பிலிருந்து சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் போகும். ஆவியானால்! சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பி வழிவதால், வியர்வை காயாமல் பனியனைத்தான் நனைக்கிறது.

எவ்வளவு குடிப்பது என்ற கணக்கையும் உடம்பே பார்த்துக்கொள்ளும். சிறுநீரகம் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டரை வடிகட்டி, ஒன்றரை, இரண்டு லிட்டர் போக மிச்சத்தைத் திரும்ப ரத்தத்திலேயே சேர்க்கிறது. ரத்தம் கொஞ்சம் கெட்டிப்பட்டாலே மூளை தாகத்தைக் கிளப்பிவிடும். கல் இருப்பவர்களும் வெயிலில் உழைப்பவர்களும் கூடுதலாகக் குடிக்கட்டும். மற்றவர்கள் பந்தயம் கட்டிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், மறுபடியும் அதே ஐ.சி.யூ.

எங்கள் தெருவில் மழை வந்தால் குடிநீர்க் குழாயில் சாக்கடையும் சேர்ந்து வருகிறது. அதன் பி.எச். என்ன என்று இதுவரை யாரும் சொட்டு விட்டுப் பார்க்கவில்லை.